பதில்: பிரெஞ்சு தெரியாமல் மார்செய்யில் சுற்ற முடியுமா?

ஐயா, மகளைப் பார்க்கக் கடலூர் முதுநகரிலிருந்து பிரான்ஸின் துறைமுக நகரமான மார்செய் போகிறீர்கள், அவர் வேலைக்குப் போனபின் நீங்களும் அம்மாவும் வீட்டிலேயே அடைந்து கிடக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

முதலில் திசை. நமக்குக் கடல் என்றால் கிழக்கு. அங்கே மேற்கிலும் தெற்கிலும் கடல். பழக்கதோஷத்தில் நடந்தால் தடுமாறும். குன்றின் மேல் நோத்ர்தாம் தெ லா கார்த் தேவாலயம் இருக்கிறது, உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா. ஊரில் பல இடங்களிலிருந்து தெரியும், அதையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் மெட்ரோ பிடித்து 'வியூ போர்' நிறுத்தத்தில் இறங்குங்கள், பழைய துறைமுகம் வந்துவிடும்.

அங்கே கரையிலேயே காலையில் மீன் விற்பார்கள். முதுநகர்க்காரருக்குச் சொல்லணுமா! மத்தியைக் காட்டி விரலை நீட்டினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: அவர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நீண்டால் இரண்டு.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ழூர்' (நம்ம வணக்கம்) சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அது அங்கே மரியாதைக் குறைவு.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் பிரெஞ்சை இங்கேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். போன் சார்ஜ் தீர்ந்தால்? மகள் வீட்டு முகவரியையும் அவர் நம்பரையும் அவர் கையாலேயே தாளில் எழுதி வாங்கி இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.