மறு: பிளாஸ்மா செய்த சிலிக்கோன் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது

வணக்கம். சிலிக்கோன் துண்டின் மேற்பரப்பை நீர் விரும்புவதாக்க ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) செலுத்தியபின் 10 பாகைக்குக் கீழே இருந்த நீர்த்துளிக் கோணம் (துளி மேற்பரப்பைத் தொடும் கோணம்; அது குறைந்தால் நீர் நன்றாகப் பரவுகிறது என்று பொருள்) ஒரு வாரத்தில் 90 பாகையைத் தாண்டிவிட்டது, கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைத் திட்டாதீர்கள், சிலிக்கோனின் பிறவிக் குணம் அது. அதன் மூலக்கூறு வலைப்பின்னலில் சேராத குட்டைச் சங்கிலிகள் உள்ளே மிச்சம் இருக்கும். நம் வீட்டு மாங்காய் ஊறுகாயில் எண்ணெய் மேலே வருவதுபோல அவை கசிந்து வந்து, நீர் விரும்பும் மேற்பரப்பை மூடிவிடுகின்றன. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். டர்பனின் டிசம்பர் வெக்கையில் மூடாத தட்டில் மேசைமேல் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் துண்டுகளை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து அந்தச் சங்கிலிகளை வெளியேற்றுங்கள். துண்டு உப்பும், பயப்படாதீர்கள். நன்றாக உலர்த்திய பிறகே பிளாஸ்மா. நேரத்தை நீட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்: மேலே கண்ணாடிபோல் ஓர் ஓடு உருவாகி விரிசல் விடும், கசிவுக்கு அதுவே வாசல். செய்தவுடன் தூய நீரில் மூழ்கவைத்தால் சில நாட்கள் தாங்கும்.

உங்கள் நோக்கம் உடலுக்குள் வைக்கும் குழாய் என்பதால் இதெல்லாம் தற்காலிகம்தான். பிளாஸ்மா முடிந்த சில நிமிடங்களுக்குள் சிலேன் முனை (மேற்பரப்போடு பிணையும் சிலிக்கன் சேர்மம்) கொண்ட பாலிஎத்திலீன் கிளைகால் என்ற நீர் விரும்பும் சங்கிலியைப் பிணைத்துவிடுங்கள். குழாயில் புரதம் ஒட்டுவது குறைகிறதா என்று தனியே சோதியுங்கள். கோணத்தை மட்டும் நம்பவேண்டாம்.