ஜான் பிரவுன் குழந்தைக்கு முத்தம் கொடுத்தாரா?

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அமெரிக்க அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் நடத்திய மதப் போர்தான் என் ஆய்வேடு. நேரமில்லாமல் ஓர் இயலை ப்ராஜெக்ட் சென்டரில் எழுதி வாங்கினேன். ‘ரத்தத்தால்தான் இந்தக் குற்றம் கழுவப்படும்’ என்று அவர் கோர்ட்டில் முழங்கினார், தூக்குமேடைக்குப் போகும்போது ஒரு கறுப்பினக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தார் என்று அதில் இருக்கிறது. நெறியாளர் ஆதாரம் கேட்கிறார். என்ன செய்ய?

பதில்: முதலாவதைத் திருத்துங்கள். இரண்டாவதை அடித்துவிடுங்கள்.

1859 நவம்பர் 2 அன்று கோர்ட்டில் பிரவுன் பேசியபோது ரத்தம் என்ற சொல் வந்தது உண்மை. ஆனால் அது அவருடைய ரத்தம், அவர் பிள்ளைகளின் ரத்தம், லட்சக்கணக்கான அடிமைகளின் ரத்தம். நீங்கள் சொல்லும் வரி, டிசம்பர் 2 அன்று தூக்குக்குப் போகுமுன் அவர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் இருப்பது. முத்தம்தான் வேண்டுமென்றால் கோர்ட் உரையிலேயே ஒன்று இருக்கிறது. ‘இங்கே ஒரு புத்தகத்தை முத்தமிடுகிறார்கள், பைபிள் என்று நினைக்கிறேன்’ என்று தொடங்கி, கட்டுண்டவர்களோடு நாமும் கட்டுண்டவர்கள்போல அவர்களை நினைக்கச் சொல்லும் வசனத்துக்குப் போகிறார். உங்கள் தலைப்பே அங்கேதான் இருக்கிறது. சென்டர்காரருக்கு அது கண்ணில் படவில்லை!

குழந்தைக் கதை பத்திரிகையில் பிறந்தது. வழியெல்லாம் சிப்பாய்கள். தன் சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வண்டியில் போனவரிடம் எந்தத் தாய் குழந்தையை நீட்டியிருக்க முடியும்? ஒரே விலக்கு: பிற்காலம் அவரை எப்படி நினைத்தது என்று எழுதினால் இந்தக் கதை வரலாம். அந்த முத்தத்தை வரைந்து ஓவியர் தாமஸ் ஹோவெண்டன் 1884-ல் முடித்த ஓவியமும் வரலாம். அப்போதும் ‘நடந்தது’ என்று எழுதாதீர்கள், ‘வரைந்தார்கள்’ என்று எழுதுங்கள். நினைவைப் பற்றிய இயலில் மட்டும். அடிக்குறிப்பில்கூட வேறெங்கும் வேண்டாம்.

இந்தச் சென்டர்கள் ஒரே இயலை நாலு பேருக்கு விற்கும். ‘திருத்தம் இலவசம்’ என்பார்கள், போகாதீர்கள். பல்கலைக்கழகமோ பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒற்றுமை சதவீதத்தையும் பைண்டிங் நிறத்தையும் பார்க்கும். பொய்யைப் பிடிக்க அங்கே மென்பொருள் கிடையாது.

இன்னொன்று. 1856 மே 24 இரவு, கான்சாஸின் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் பிரவுனின் ஆட்கள் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் வாளால் வெட்டினார்கள். வாங்கிய இயலில் அது இருக்கிறதா? இல்லையென்றால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுதான்.