அணியத்தில் பட்டிகள் ஒடிவது பற்றி

வணக்கம். உங்கள் மாதிரிக் கப்பலின் உடலில் ஒட்டும் 5 மி.மீ. அகல வால்நட் மரப் பட்டிகள் அணியத்தில் (கப்பலின் முன்பகுதியில்) ஒடிகின்றன, ஒடியாமல் ஒட்டியவையும் ஓரம் தூக்கி நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

ஒடிவதைச் சரிசெய்வது எளிது. பட்டியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சூடான சால்டரிங் அயர்ன் மேல் மெதுவாக அழுத்தி வளையுங்கள். அப்புறம் கப்பலிலேயே கிளிப் போட்டு, முழுதும் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மரம் சுருங்கி இடைவெளி விழும்.

ஓரம் தூக்குவதற்குக் காரணம் வேறு. நடுவில் இருக்கும் சுற்றளவு அணியத்தில் இல்லை. அங்கேயும் அதே அகலத்தில் பட்டியைக் கொண்டுபோனால் அது பக்கவாட்டில் வளைய வேண்டிவரும். மரம் அதற்கு இணங்காது. ஒரு காகிதத் துண்டால், அணியத்தில் பட்டிகளைத் தாங்கும் முன்சட்டத்தின் சுற்றளவை அளந்து, பட்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வரும் அகலத்துக்கு முனையைச் சீவுங்கள். ஆனால் பாதி அகலத்துக்கும் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் குறைவாக வந்தால் இரண்டு பட்டிகளை ஒன்றாக்கி முடிப்பதுதான் நல்லது.

முன்சட்டங்களின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்தீர்களா? பட்டி சட்டத்தின் முழுத் தடிமனிலும் படிய வேண்டும், ஒரு கூர்முனையில் மட்டும் தொட்டால் ஒட்டு நிற்காது. இடம், வலம் என்று மாறி மாறி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஏரா (கப்பலின் அடிமரம்) முறுக்கிக்கொள்ளும்.

தூக்கி நிற்பவற்றைத் தயங்காமல் கழற்றிவிடுங்கள். வெள்ளைப் பசை என்றால் ஈரத்துணி வைத்தால் இளகிவிடும்.