கைலிடம் தோற்றால் கென்னுக்கு மாறலாமா?

கேள்வி: இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் தொடக்கத்திலிருந்தே ஜாங்கீஃப் என்ற பாத்திரத்தை மட்டும் ஆடி வருகிறேன். டயமண்ட் ரேங்க் வரை வந்த பிறகு முன்னேற்றம் நின்றுவிட்டது. தூரத்தில் நின்று ஆடுகிறவர்களிடம், குறிப்பாகக் கைல் என்ற பாத்திரத்திடம், திரும்பத் திரும்பத் தோற்கிறேன். பாத்திரங்களைத் தரவரிசைப்படுத்தும் டியர் லிஸ்ட்டில் ஜாங்கீஃபுக்குக் கீழ்வரிசைதான், பேசாமல் கென்னுக்கு மாறிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மெயினை, அதாவது வழக்கமாக ஆடும் பாத்திரத்தை, மாற்றலாமா? மாற்றினால் இதுவரை பழகியதெல்லாம் வீணாகிவிடாதா?

பதில்: நண்பர்கள் காட்டிய பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். இரு தரப்பும் ஏறத்தாழப் பிழையே இல்லாமல் ஆடினால் சாதகம் யார் பக்கம் என்று உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கள் சொல்லும் கணிப்புதான் டியர் லிஸ்ட். டயமண்டில் நீங்களும் அப்படி ஆடுவதில்லை, உங்களை வீழ்த்துகிறவரும் அப்படி ஆடுவதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சமநிலைத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த வரிசை கலைந்துபோகிறது.

அதற்காக, ஆடத் தெரியாதவர் மேடையைக் கோணல் என்றாராம் என்று உங்களைச் சொல்லிவிட மாட்டேன். மேடை உண்மையிலேயே கொஞ்சம் கோணல்தான். ஜாங்கீஃபிடம் எறிவதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய பலமெல்லாம் எதிராளியைப் பக்கத்தில் பிடித்துச் சுழற்றி இடிக்கும் ஸ்க்ரூ பைல்டிரைவரில் இருக்கிறது. அந்த நெருக்கத்தைக் கொடுக்காமல் இருப்பதே கைலின் தொழில். ஆனால் உங்கள் கடிதத்தில் யாரிடம் தோற்கிறீர்கள் என்பது இருக்கிறதே தவிர, எப்படித் தோற்கிறீர்கள் என்பது இல்லை. அதை நான் ஊகித்துச் சொல்கிறேன். கைல் எறியும் இரண்டு சோனிக் பூம்களைத் தடுக்கிறீர்கள். தடுக்கத் தடுக்க டிரைவ் கேஜ் என்ற சக்தி அளவு கரைகிறது. மூன்றாவது கிளம்புவதற்குள் பொறுமை போய்த் தாவுகிறீர்கள். அந்தத் தாவலுக்காகவே குனிந்து காத்திருந்த கைல் ஃபிளாஷ் கிக் என்ற உதையால் உங்களைக் கீழே தள்ளுகிறார். ஊகம் சரியா என்று ஆட்டப் பதிவுகளான ரீப்ளேக்களைத் திறந்து பாருங்கள். பொத்தான் அழுத்தங்களும் ஒவ்வோர் அசைவும் எடுக்கும் நேரத்தின் ஃபிரேம் கணக்கும் திரையிலேயே தெரியும்படி பார்க்கும் வசதி அந்த விளையாட்டிலேயே இருக்கிறது.

ஊகம் சரியென்றால், கென்னுக்கு மாறுவது வீண் அலைச்சல். கென்னிடம் எறிவதற்கு ஹடோக்கன் இருக்கிறதே என்பீர்கள். சோனிக் பூமை எறிந்துவிட்டுக் கைல் மீளும் வேகத்துக்கு ஹடோக்கன் ஈடுகொடுக்காது. எறிந்து எறிந்து பார்க்கும் போட்டியில் கென்தான் பின்தங்குவார், பின்தங்கியதும் நீங்கள் தாவுவீர்கள், அதே ஃபிளாஷ் கிக்கை வாங்குவீர்கள். இப்போதைய தோல்வியில் ஜாங்கீஃபின் பங்கு எவ்வளவு, அவசரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் மெயினை மாற்றினால், அவசரமும் உங்களோடு கென்னிடம் வந்து சேரும்.

பெரிய ஆட்டக்காரர்கள் மாறுவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மாறியிருக்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் ரியூ என்ற பாத்திரத்தை ஆடி 2009, 2010-இல் எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியை வென்ற டைகோ உமெஹாரா, அடுத்த விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் ரியூவை விட்டுக் கைலை எடுத்தார். இன்னோர் ஆட்டக்காரரான டோக்கிடோ அதே விளையாட்டில் 2016-இல் வேறு பாத்திரங்களை ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அகுமா என்ற பாத்திரம் சேர்க்கப்பட்டதும் அதற்கு மாறி, 2017 எவோவை வென்றார். அதைப் பார்த்து அகுமாவை எடுத்தால் போதும் என்று கிளம்பியவர்கள், முந்தைய விளையாட்டுகளில் டோக்கிடோ அதே அகுமாவோடு கழித்த ஆண்டுகளை மறந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் இடாபாஷி ஜாங்கீஃப் என்ற ஆட்டக்காரர். பெயரிலேயே ஜாங்கீஃபை வைத்திருக்கும் அவர், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் அபிகெய்லை ஆடினார். பெயருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அபிகெய்லும் பேருருவம்தான், கிட்டே போய்ச் சில அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறவர்தான். அதனால் ஜாங்கீஃபிடம் கற்ற தூரக் கணக்கும் எதிராளியைப் படிக்கும் பழக்கமும் அங்கேயும் செல்லுபடியாகின்றன.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. காம்போக்கள் என்னும் தொடர் அடிகளும் விரல்களின் பழக்கமும் பெரும்பாலும் கூட வராது. தாவி வருகிறவரை வானத்திலேயே அடிப்பது, அடி எட்டும் தூரத்துக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பது, விழுந்த எதிராளி எழும்போது என்ன செய்வார் என்று கணிப்பது ஆகியவை கூட வரும்.

மாறுவதற்கு நியாயமான காரணம் என்று நான் ஏற்பது ஒன்றுதான். ஜாங்கீஃப் ஜெயிக்க வேண்டுமானால் நடந்து, பொறுத்து, அடி வாங்கி, ஒரே ஒரு பிடிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு, ஜெயித்த ஆட்டங்களில்கூட உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் தாராளமாக மாறுங்கள். தோற்கும்போது மட்டும் சலிக்கிறது என்றால் அதைக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

கைல் ஒருவர்தான் தடை என்றால், மெயினை விடாமல் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 2019 கேப்காம் கோப்பையை வென்ற ஐடம் என்ற ஆட்டக்காரர், லாரா என்ற பாத்திரத்தோடு பாய்சன் என்ற பாத்திரத்தையும் ஆடினார். பெரும்பாலான போட்டிகளில் வென்றவர் அதே பாத்திரத்தில் தொடர வேண்டும், தோற்றவர் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி இதற்கு இடம் தருகிறது. ஆனால் அரைகுறையாகப் பழகிய துணையால் பயன் இல்லை, அதற்கும் உழைக்க வேண்டும்.

இப்போதைக்கு வேறொன்று செய்யுங்கள். சில நாட்களுக்குக் கைலையே எடுத்து ஆடுங்கள், மெயினாக்குவதற்காக அல்ல, உளவு பார்ப்பதற்காக. சோனிக் பூமுக்குப் பின்திசையை முக்கால் நொடி அளவுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்பதும், முன்னால் நடக்கும் கைலிடம் அது தயாராக இருக்காது என்பதும், உங்கள் கையால் ஆடும்போதுதான் உறைக்கும். பிறகு ஜாங்கீஃபுக்குத் திரும்பி, வரும் சோனிக் பூம்களை வெறுமனே தடுக்காமல் டிரைவ் பாரி என்ற சிறப்புத் தடுப்பால் ஏற்றுப் பாருங்கள். கரைந்துகொண்டிருந்த கேஜ் நிரம்பும், தாவ வேண்டிய அவசியமும் குறையும். இவ்வளவும் செய்த பிறகும் கென்தான் வேண்டும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ரேங்க் தனித்தனி என்பதால், கென்னோடு எத்தனை முறை தோற்றாலும் ஜாங்கீஃபின் டயமண்ட் அப்படியே இருக்கும்.