வேலைக்கு எடுப்பது ஒரு கோச்சை, வந்து சேர்வது ஒரு கூட்டம்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணி, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சப் பிரிவான எஃப்.பி.எஸ்.ஸில், சிறிய கான்ஃபரன்ஸ் (அணிகளின் குழு) ஒன்றில் ஆடுகிறது. சீசன் முடிவதற்குள்ளேயே தலைமைக் கோச்சை அனுப்பிவிட்டார்கள். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழுவில் ஆசிரியர் தரப்பில் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் பார்ப்பேன், அதற்கு மேல் தெரியாது. மூன்று வாரம்தான் அவகாசம். எதைப் பார்ப்பது, என்ன கேட்பது, ஒப்பந்தத்தில் எங்கே கவனமாக இருப்பது?

பதில்: முதல் கூட்டத்துக்கு யாராவது பெயர்ப் பட்டியலோடு வந்தால் அதை மடித்து வைக்கச் சொல்லுங்கள். வேலை என்ன என்று எழுதிக்கொள்ளாமல் ஆளைத் தேடினால், அந்த வாரம் தொலைக்காட்சியில் வென்றவர்தான் நல்லவராகத் தெரிவார்.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவரான அத்லெட்டிக் டைரக்டரிடம் நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள். உதவிக் கோச்சுகளின் மொத்தச் சம்பளத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு? வீரர்களுக்குக் கொடுக்கும் வருவாய்ப் பங்கில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு? 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர்; சிறிய கான்ஃபரன்ஸ்களில் பலருக்கு அது எட்டாத தொகை. மூன்றாவது, அடுத்த ஆண்டு யார் யார் ஆடும் தகுதியோடு எஞ்சுகிறார்கள். நான்காவது, அடுத்த மூன்று ஆண்டுக்கான ஆட்ட அட்டவணை. பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய், தொகை வாங்கிக்கொண்டு தோற்றுத் திரும்பும் ஆட்டங்கள் அதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அப்படி இரண்டு இருந்தால், 12 ஆட்டத்தில் 6 வெற்றி என்பதே மரியாதையான கணக்கு. இந்த நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பக்கத்தை நேர்காணலுக்கு வருகிறவரிடமும் கொடுக்கலாம். மறைத்தால் வந்தபிறகு எப்படியும் தெரிந்துவிடும்.

அவகாசம் ஏன் இவ்வளவு குறைவு என்றால், காலண்டர் அப்படி. பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் முதல் சுற்று டிசம்பரின் முதல் புதன்கிழமை தொடங்குகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே சுற்றாகத் திறந்தது. கோச் மாறிய அணிக்கு மட்டும் தனி விதி: புதியவரை அறிவித்து ஐந்து நாள் கழித்து, அந்த அணியின் வீரர்களுக்கென்றே 15 நாள் சாளரம் ஒன்று திறக்கும். தேதிகள் அடிக்கடி மாறுவதால் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் உங்கள் இணக்க அலுவலரிடம் இந்த ஆண்டுக்கானதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்றும் உண்டு: போர்ட்டலில் வரும் மாணவருக்கு இடமாற்ற கிரெடிட் மதிப்பீடு முடிந்து, வசந்தப் பருவத்துக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்குள் சேர்க்கை கிடைக்க வேண்டும். பதிவாளர் அலுவலகம் விடுமுறையில் இருந்தால் அருமையான குவார்ட்டர்பேக்கும் வாசலிலேயே நிற்பார்.

இனி ஆட்களுக்கு வருவோம். ஒருவரின் வெற்றி தோல்விக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 9–3 என்று ஒரு சீசன் இருந்தால் முதலில் அடித்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் எடுங்கள். 300 அடித்து 270 கொடுத்திருக்கிறார் என்று வைப்போம். இரண்டையும் 2.37 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அடித்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.56 வரும். 12 ஆட்டத்துக்கு அது 6.7 வெற்றி. அதாவது அது 7–5 அணி. இரண்டு ஆட்டம் அதிர்ஷ்டம். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், அந்த இரண்டு வெற்றியும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தவறவிட்ட பந்தை யார் பொறுக்குகிறார்கள் என்பது ஏறக்குறைய நாணயச் சுண்டல்தான். அதில் வந்த உபரியைத் திறமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நெருக்கமான ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று 5–7 ஆனவர், இதே கணக்கில் பார்த்தால் நீங்கள் நினைப்பதைவிட நல்ல கோச்சாக இருக்கலாம். அவரைக் குறைந்த போட்டியில் பிடிக்கவும் முடியும்.

அடுத்தது, வந்தபோது கையில் என்ன இருந்தது, மூன்றாம் ஆண்டில் என்ன இருந்தது. முந்தைய கோச் விட்டுப்போன மூத்த வீரர்களை வைத்து முதல் ஆண்டில் பத்து ஆட்டம் வென்று, பிறகு வழுக்கியவர்கள் ஏராளம். எதிர்த்திசைக்கு லான்ஸ் லைபோல்ட் என்ற கோச்சைப் பாருங்கள். உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில், விஸ்கான்சின்–வைட்வாட்டரில் எட்டு ஆண்டில் 109–6, ஆறு தேசியப் பட்டம். அவரை 2015இல் எஃப்.பி.எஸ். அணியான பஃபலோ பல்கலைக்கழகம் எடுத்தது. முதல் ஆண்டு 5–7, இரண்டாம் ஆண்டு 2–10. அந்த டிசம்பரில் அவரை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பஃபலோ பொறுத்தது, 6–6, அடுத்து 10–4. உங்களைப் போன்ற அணிக்கு இதுதான் நெருக்கமான உதாரணம். சின்ன இடத்தில் தலைமைக் கோச்சாக இருந்து ஜெயித்தவரா, பெரிய இடத்தில் கோஆர்டினேட்டராக (தாக்குதலை அல்லது தடுப்பை மட்டும் கவனிக்கும் உதவிக் கோச்) இருந்தவரா என்று வந்தால் நாங்கள் முன்னவர் பக்கம் சாய்வோம். கோஆர்டினேட்டர் ஆட்டத் திட்டத்தில் கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் வகுப்புக்குப் போகாத வீரர், கோபப்படும் பெற்றோர், பட்ஜெட் என்று தலைமைக் கோச்சின் நாளைத் தின்னும் வேலைகளை அவர் இன்னும் செய்து பார்க்கவில்லை. பெயர் மட்டும் போதாது என்பதற்கு வட கரோலினா: தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைத் தலைமைக் கோச்சாக ஆறு முறை வென்ற பில் பெலிச்சிக், கல்லூரியில் கோச்சாக இருந்த முதல் ஆண்டான 2025இல் 4–8.

தற்காலிகக் கோச் கடைசி இரண்டு ஆட்டத்தை வென்றுவிட்டால் வீரர்கள் அவருக்காக மனுக் கொடுப்பார்கள். அவரையும் நேர்காணலுக்கு அழையுங்கள், அதே கேள்விகளைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

தலைப்பில் சொன்ன கூட்டத்துக்கு வருவோம். எஃப்.பி.எஸ். அணியில் தலைமைக் கோச்சோடு சேர்த்துப் பதினொரு பேர் வெளியே போய் ஆள் சேர்க்கலாம். களத்தில் பயிற்சி தருகிறவர்களின் எண்ணிக்கைக்கு 2024இலிருந்து வரம்பு இல்லை. இவர்கள் எல்லோரையும் புதியவர்தான் கொண்டுவருவார். தலைமைக் கோச் கர்ட் சிக்னெட்டி 2023 கடைசியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தியானாவுக்குப் போனபோது கோஆர்டினேட்டர்களும் பத்துக்கு மேற்பட்ட வீரர்களும் கூடவே போனார்கள். முந்தைய ஆண்டு 3–9 ஆக இருந்த அணி 2024இல் 11–2. அதனால் நேர்காணலுக்கு முன்பே உங்கள் உதவிக் கோச் சம்பளத் தொகையைக் கொடுத்து, "இந்தப் பணத்துக்குள் யார் யார், யாருக்கு எவ்வளவு, முதல் ஆள் மறுத்தால் இரண்டாவது யார்?" என்று எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஃபென்ஸ் லைன் (தாக்கும் பக்கத்தின் முன்வரிசை) கோச்சுக்கும் ஸ்ட்ரெங்த் (உடல்வலுப் பயிற்சி) கோச்சுக்கும் நேராகப் பெயர் சொல்ல முடியாதவர் இந்த வேலைக்குத் தயாராகவில்லை. நண்பர்களை மட்டுமே எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஸ்ட்ரெங்த் கோச்சைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் வீரர்களோடு அதிக நேரம் இருப்பவர் அவர். மேரிலாந்தில் 2018 மே மாதப் பயிற்சியின்போது வெப்பத்தாக்குக்கு ஆளான வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தார். அந்த அக்டோபர் கடைசியில் தலைமைக் கோச்சும் வேலையிழந்தார். "பயிற்சியை நிறுத்து என்று மருத்துவக் குழு சொன்னால் யார் சொல் செல்லும்?" என்று கேளுங்கள். மருத்துவக் குழுவின் சொல் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஆனால், ஏன் என்று விளக்கத் தொடங்கினால் முழுதும் கேளுங்கள், அதில் ஆள் தெரிவார்.

ஆட்டம் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம், பதில் சரியா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. ஒரு சூழலைக் கொடுங்கள்: நான்கு புள்ளி முன்னிலை, ஆட்டம் முடிய 2 நிமிடம் 40 விநாடி, எதிரணியின் 38 யார்டு கோட்டில் நான்காம் டவுன் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசி), ஒரு யார்டு வேண்டும், எதிரணியிடம் ஒரு டைம்-அவுட். ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி) என்றால் 55 யார்டு உதை. அடித்தாலும் ஏழு புள்ளி முன்னிலைதான், தவறினால் பந்து நல்ல இடத்தில் எதிராளி கையில். பன்ட் அடித்தால், அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுத்தால், கிடைப்பது இருபது சொச்சம் யார்டு. ஓடி ஒரு யார்டு எடுத்தால் ஃபர்ஸ்ட் டவுன், அதாவது புதிதாக நான்கு முயற்சி, கடிகாரமும் நம் கையில். 2023 முதல் ஃபர்ஸ்ட் டவுனுக்குக் கடிகாரம் நிற்பதில்லை, கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் நிற்கும்; 2024 முதல் இரண்டு நிமிட டைம்-அவுட்டும் உண்டு. நல்ல கோச் இவற்றை வாயால் கணக்குப் போட்டுக் காட்டுவார், ஹெட்செட்டில் தனக்கு இதை யார் சொல்வார்கள் என்று சொல்வார், தன் ஆஃபென்ஸ் லைனைப் பொறுத்து முடிவு மாறும் என்பார். "அந்த நேரத்து உள்ளுணர்வு" என்று முடித்துக்கொள்கிறவருக்கு எங்கள் வாக்கு இல்லை.

கல்வி பற்றி உங்களைத் தவிர யாரும் கேட்கப்போவதில்லை. என்.சி.ஏ.ஏ.வின் கல்வி முன்னேற்ற மதிப்பெண் 1000க்குக் கணக்கிடப்படுகிறது. நான்கு ஆண்டுச் சராசரி 930க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய ஆட்டத் தகுதி போகும். அவருடைய பழைய அணியின் எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விசாரணையில் அவசரம் வேண்டாம். 2001 டிசம்பரில் நோட்டர் டேம் எடுத்த ஜார்ஜ் ஓ'லியரி ஐந்தே நாளில் விலகினார். சுயவிவரத்தில் இருந்த முதுகலைப் பட்டமும் கல்லூரியில் ஆடிய கணக்கும் பொய். பட்டத்தைச் சரிபார்ப்பது ஒரு மின்னஞ்சல் வேலை. என்.சி.ஏ.ஏ. விதிமீறல் தண்டனை, நீதிமன்ற வழக்கு, பழைய இடத்தின் மனிதவளப் புகார் ஆகியவற்றைப் பல்கலைக்கழக வழக்கறிஞர் பார்க்கட்டும். நீங்கள் பேச வேண்டியது அவர் கொடுத்த பட்டியலில் இல்லாதவர்களோடு: உபகரண அறைப் பொறுப்பாளர், கல்வி ஆலோசகர், அவரைவிட்டு வேறு அணிக்குப் போன இரண்டு வீரர்கள். ஆள்தேடும் நிறுவனம் இதைச் செய்துதரும் என்பார்கள். அவர்கள் ரகசியம் காப்பதில் கெட்டி. ஆனால் நாளைக்கும் அதே ஏஜென்டுகளோடு தொழில் செய்ய வேண்டியவர்கள். இன்னொன்று: பொதுப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் பல மாநிலங்களில் பொது ஆவணம். விண்ணப்பதாரர் பெயரை எழுதுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தை வெளியேறும் வாசலிலிருந்து படியுங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஐந்து ஆண்டு, 70 சதவீதம் உத்தரவாதம் என்று வைப்போம். இரண்டு ஆண்டில் அனுப்பினால் மிச்சம் 30 லட்சம், அதில் தர வேண்டியது 21 லட்சம். அவர் வேறெங்காவது ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு வேலை பார்த்தால், ஈடுகட்டும் ஷரத்து இருக்கும்பட்சத்தில் மூன்று ஆண்டில் 18 லட்சம் கழியும், நீங்கள் தருவது 3 லட்சம். அந்த ஷரத்து இல்லையென்றால் முழு 21. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியதானது. வேறு வேலைக்குப் போனாலும் கழிவில்லை என்று எழுதியிருந்தது. 2025இல் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி. அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் 90 லட்சத்தில் முடிந்தது. ஈடுகட்டும் ஷரத்தில் "சந்தை மதிப்புக்குக் குறையாத சம்பளம்" என்ற சொற்களும் வேண்டும். இல்லாவிட்டால் அவர் 50 ஆயிரத்துக்கு ஆய்வாளர் வேலையில் உட்கார்ந்துகொள்வார், மிச்சத்தை நீங்கள் கட்டுவீர்கள்.

மறுபக்க வாசலும் உண்டு. உங்களைப் போன்ற இடத்தில் ஜெயித்தவரைப் பெரிய பல்கலைக்கழகம் தூக்கிக்கொண்டு போகும். அப்போது உங்களுக்கு வர வேண்டிய தொகை முதல் ஆண்டில் அதிகமாகவும் பிறகு குறைந்தும் இருக்கட்டும். அவர் உதவிக் கோச்சுகளை அழைத்துப்போனால் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். எட்டு வெற்றி வந்தால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும் என்று ஏஜென்ட் கேட்பார். போனஸ் கொடுங்கள், நீட்டிப்பைக் கொடுக்காதீர்கள்.

அறிவிப்பு நாளின் வரிசையையும் முன்பே எழுதிவையுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட விதிமுறைத் தாள், வழக்கறிஞர் பார்த்தது, கையில் வந்த பிறகே எதுவும் வெளியே போக வேண்டும். பிறகு தேர்வாகாத இறுதிப் போட்டியாளர்களுக்குத் தொலைபேசி. பிறகு வீரர்கள் கூட்டம், அதற்குப் பிறகு பத்திரிகை. அடுத்த ஐந்து நாளில், போர்ட்டல் சாளரம் திறப்பதற்குள், புதியவர் அணியிலுள்ள நூறு சொச்சம் பேரையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்: நாளுக்கு இருபது பேர், ஆளுக்குக் கால் மணி நேரம், ஐந்து மணி நேர வேலை. அவருக்கு ஓர் அறை, வீரர்களின் வகுப்பு நேர அட்டவணை, கூப்பிட்டு அனுப்ப ஒருவர் ஆகிய மூன்றையும் முதல் நாள் காலையிலேயே தயாராக வைத்திருங்கள்.