அஸ்திவாரக் குழியில் கடல் மணல்: சுனாமி வந்த இடமா?

கேள்வி: கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே மனை பார்த்திருக்கிறோம். அஸ்திவாரம் தோண்டிப் பார்த்ததில் முழங்கால் ஆழத்தில், கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே இரண்டு விரல் தடிமனில் வெள்ளை மணல், கிளிஞ்சல்களோடு. கரையோரம் பெரிய பாறை ஒன்றும் கிடக்கிறது. ‘எல்லாக் கரையிலும் உள்ளதுதான்’ என்கிறார் தரகர். ஒரு கிளிஞ்சலைக் கொடுத்தால் காலம் கணித்து ‘சுனாமி அபாயம் இல்லை’ என்று சான்றிதழ் தருவதாக ஒரு தனியார் ஆய்வகம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: சான்றிதழை வாங்காதீர்கள். மனையை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் அந்த மணலைக் கடல்தான் கொண்டுவந்ததா? கரையோரப் பள்ளத்தில் மணலைக் கொட்டி மேடாக்கி விற்பது பழைய வித்தை. மணலுக்குள் செங்கல் துண்டோ சிமென்ட் கட்டியோ கிடைத்தால் பெரும்பாலும் அது லாரி கொண்டுவந்த மணல். விற்பவர் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

அப்படி இல்லையென்றால், குழியின் சுவரைக் கரண்டியால் சீவிவிட்டு உற்றுப் பாருங்கள். மணலின் அடிக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா? கீழ்க்களிமண்ணிலிருந்து பிய்ந்து வந்த கட்டிகள் மணலுக்குள் சிக்கியிருக்கின்றனவா? அடியில் பருமணல், மேலே போகப் போகப் பொடிமணல், அதற்கும் மேலே தண்ணீர் தேங்கிப் படிந்த மெல்லிய சேறு என்று வரிசை தெரிகிறதா? இருந்தால் வேகமாகப் பாய்ந்து வந்த வெள்ளம் போட்ட மணல் என்று சந்தேகிக்கலாம். அது சுனாமியா புயல் வெள்ளமா என்பது ஒரே குழியில் தெரியாது. புயல் அலை சில விநாடிகளில் அடித்துத் திரும்பிவிடும். அதன் மணல் பெரும்பாலும் கடற்கரைக்குப் பின்னாலேயே குவிந்து நின்றுவிடும். சுனாமி நிமிடக் கணக்கில் உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் மணல் வெகுதூரம் மெல்லிதாகப் பரவும். ஆக, கரையிலிருந்து உள்நோக்கி ஒரே நேர்கோட்டில் பல குழிகள் வேண்டும்.

தாய்லாந்தின் பிரா தோங் தீவில் அப்படித்தான் செய்தார்கள். மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள சதுப்புப் பள்ளங்களில் இடம் இடமாகத் தோண்டினார்கள். 2004 சுனாமியின் மணலுக்குக் கீழே கறுப்பு மண், அதற்கும் கீழே அதே மாதிரி இன்னொரு வெள்ளை மணல். அது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்னால் வந்தது.

பாறை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரிய பாறை என்றாலே சுனாமி என்று முடிவு கட்ட வேண்டாம். 2013–14 குளிர்காலப் புயல்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் 620 டன் பாறையையே இடம் பெயர்த்தன. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுச் சொன்னது இது, யூகம் கிடையாது. அதே சமயம், ஜப்பானின் இஷிகாகி தீவில் புயல் போட்ட பாறைகள் பவளத்திட்டு விளிம்பிலிருந்து கரைப் பக்கம் வர வர சிறுத்துக்கொண்டே போய், ஓர் எல்லையில் நின்றுவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டிக் கிடக்கும் பெரிய பவளப்பாறைகள் 1771இலும் அதற்கு முன்பும் வந்த சுனாமிகள் போட்டவை. ஆகவே ஒற்றைப் பாறையின் எடையை வைத்து யாராவது தீர்ப்புச் சொன்னால், அந்தக் கரையில் மற்ற பாறைகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று கேளுங்கள். பதில் வராது.

சரி, கிளிஞ்சல். அதன் காலம் என்பது அந்த உயிர் வாழ்ந்த காலம். நூற்றாண்டுகளாகக் கடலடியில் கிடந்த பழைய கிளிஞ்சலையும் அலை வாரிக்கொண்டு வந்து போடும். போதாக்குறைக்கு, கிளிஞ்சலில் உள்ள கார்பனை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள்; கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் கணக்கில் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். மணலுக்குச் சற்றுக் கீழே புதைந்த இலை, விதை, சுள்ளி ஆகியவற்றைக் கணித்தால் பயன் உண்டு. மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தை அளக்கவும் முறை இருக்கிறது. ஒற்றைக் கிளிஞ்சலைப் பரிசோதித்துக் காசு வாங்குவது வியாபாரம்.

மணலே இல்லாவிட்டாலும் ‘அபாயம் இல்லை’ என்று எழுதித்தர முடியாது. 2011 சுனாமியில் ஜப்பானின் செந்தாய் சமவெளியில் சில இடங்களில் தண்ணீர் நாலரைக் கிலோமீட்டர் போனது. கண்ணுக்குத் தெரிகிற மணல் மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் சேறுதான், அதையும் வேரும் புழுவும் ஏரும் கலக்கி அழித்துவிடும். இதே சமவெளியில் 869ஆம் ஆண்டின் ஜோகன் சுனாமி மணலை நிலவியலாளர்கள் 2011க்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். திட்டங்களும் வரைபடங்களும் அதற்கேற்ப மாறுவதற்குள் அலை வந்துவிட்டது. மண்ணில் எழுதியிருப்பதைக் கோப்பில் ஏற்ற எத்தனை கூட்டம் போட வேண்டுமோ, தெரியவில்லை.

உங்கள் மனைக்கு: கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரத்தைச் சர்வே செய்து வாங்குங்கள். நடந்தே போகக்கூடிய தூரத்தில் மேட்டு நிலமோ உறுதியான மாடிக் கட்டடமோ இருக்கிறதா, வழியில் ஓடையோ பாலமோ குறுக்கிடுகிறதா என்று நடந்து பாருங்கள். இதற்குப் பிறகும் மண் பரிசோதனை வேண்டுமென்றால், பணம் கட்டுவதற்கு முன் ‘எத்தனை இடத்தில் தோண்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘உங்கள் மனையில் மட்டும்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.