திரையில் தெரிந்த பால் கணக்கு

கேள்வி: சார், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ரெயின்மீட்டர் போட்டு கடிகாரம், சிபியு மீட்டர், வீட்டுக் கணக்குக் குறிப்பு எல்லாம் வைத்திருக்கிறேன். போன வாரம் மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தபோது ‘பால் பாக்கி 640’ என்பதை மொத்த டீமும் படித்துவிட்டது. ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து மூடாமல், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மறைக்க முடியுமா?
– வாசகி, மர்ஃபி டவுன், பெங்களூரு

பதில்: முடியும். பால் பாக்கியைக் கொடுத்தாகிவிட்டதா?

ரெயின்மீட்டருக்கான கட்டளைகளுக்கு ‘பேங்’ என்று பெயர். எல்லாமே ஆச்சரியக்குறியில்தான் தொடங்கும். கணினிக்காரர்கள் அந்தக் குறியைச் செல்லமாக அப்படித்தான் அழைப்பார்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் ரெயின்மீட்டர் எக்ஸியின் முழுப் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் தட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு ‘!ஹைட் *’ என்று கொடுங்கள். (நான் தமிழில் எழுதினாலும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) நட்சத்திரக்குறி இருந்தால் ‘எல்லா ஸ்கின்னும்’ என்று பொருள் (கடிகாரம், மீட்டர், குறிப்பு என்று திரையில் வைத்த ஒவ்வொன்றும் ஒரு ஸ்கின்). திரும்பக் கொண்டுவர ‘!ஷோ *’. ரெயின்மீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிறவனுக்குத்தான் இப்படிச் சொல்லியனுப்ப முடியும்.

கணக்குக் குறிப்பை மட்டும் மறைத்தால் போதும் என்றால், நட்சத்திரத்துக்குப் பதில் அந்த ஸ்கின் இருக்கும் ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். ரெயின்மீட்டரோடு கூடவே வரும் கடிகாரத்துக்கு அது ‘இல்லஸ்ட்ரோ\கிளாக்’. பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் கட்டாயம்.

‘!டாகிள்’ என்றும் ஒன்று உண்டு. மறைந்திருந்தால் காட்டும், தெரிந்தால் மறைக்கும். ஒரே சாவியில் இரண்டு வேலை என்று நானும் ஆசையாகத்தான் வைத்திருந்தேன். அது ஒவ்வொரு ஸ்கின்னையும் தனித்தனியாகப் புரட்டும் என்பதை யோசிக்கவில்லை. ஒருநாள் என் மருந்துப் பட்டியலைக் கையாலேயே மறைத்துவிட்டு, மீட்டிங் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் டாகிளையும் அழுத்தினேன். கடிகாரம் போயிற்று, மீட்டர் போயிற்று, மருந்துப் பட்டியல் மட்டும் நடுத்திரையில் வந்து நின்றது. அதனால் சொல்கிறேன், பதற்றத்தில் அழுத்தப்போகும் சாவிக்கு டாகிள் வேண்டாம். மறைக்க ஒன்று, காட்ட ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள்.

அதற்கு டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட் போதும். டார்கெட் கட்டத்தில் மேலே சொன்ன கட்டளையை அப்படியே ஒட்டுங்கள். ஷார்ட்கட் கீ கட்டத்தில் ஒரு எழுத்தை அழுத்தினால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டும் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஷார்ட்கட்டை வேறு ஃபோல்டருக்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் அந்தச் சாவி வேலை செய்யும்.

கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி ஓட்டும் ‘பேட்ச் ஃபைல்’காரர்களுக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. ஃபைலின் மேலே ‘டிலேய்டு எக்ஸ்பான்ஷன்’ என்ற வசதியை இயக்கும் வரியைப் போட்டிருந்தால், விண்டோஸ் ஆச்சரியக்குறியை விழுங்கிவிடும். ‘!ஹைட்’ வெறும் ‘ஹைட்’ ஆகிவிட்டால் ரெயின்மீட்டருக்கு அது கட்டளையே இல்லை. ஸ்கின்கள் மறையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போயிற்று. அந்த வரியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் பதில் பவர்ஷெல்லில் தட்டுவதென்றால் மேற்கோளிட்ட பாதைக்கு முன்னால் ஒரு ‘&’ வேண்டும்.

இன்னொன்று. ‘ஹைட்’ செய்த ஸ்கின் கண்ணுக்குத் தெரியாதே தவிர, பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுதாக இறக்க ‘!டிஆக்டிவேட்கான்ஃபிக்’ இருக்கிறது. பால் கணக்குக்கு அது தேவையில்லை.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ரெயின்மீட்டர் மாதிரியே திரையில் தகவல் காட்டும் காங்கி வைத்திருக்கிறேன். லாகின் செய்ததும் அது வால்பேப்பருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. கையால் தொடங்கினால் ஒழுங்காக வருகிறது.
– வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: டெஸ்க்டாப் எழுந்து உட்காருவதற்கு முன்பே காங்கி வந்துவிடுகிறது. தொடக்கக் கட்டளையில் காங்கி என்பதற்குப் பின் இடைவெளி விட்டு ‘-p 10’ சேருங்கள் (ஆங்கிலச் சின்ன எழுத்து). 10 விநாடி காத்திருந்துவிட்டுத் தொடங்கும். அப்போதும் ஒளிந்தால் எண்ணைக் கூட்டுங்கள். நானும் அதே எஸ்.பி. ரோட்டில்தான் லேப்டாப் வாங்கினேன். அதற்கு 25 வேண்டியிருக்கிறது.